விழுப்புரம், திண்டிவனம் கல்லூரி மாணவர் நோக்கில் டிஜிட்டல் வழிக் கற்பித்தலும் கற்றலும்

கற்பித்தலிலும் கற்றலிலும் டிஜிட்டல் தொழில்நுட்பம் பெறும் இடம் குறித்துக் கல்லூரி மாணவர்கள் என்ன கருதுகிறார்கள் என்பதை அறிய முற்படும் ஆய்வுகள் தமிழ்நாட்டில் நெடுநாளாகவே நடந்து வந்தாலும், 2020-இல் கொரோனா பெருந்தொற்று கல்லூரிகளை மூட வைத்த பிறகே அவை கல்வியியல் துறையின் எல்லையைத் தாண்டி வணிகவியல், நூலக அறிவியல், சமூகப்பணி, ஆங்கிலம் எனப் பல துறைகளிலும் பெருகின. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே கருவியைக் கையாள்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் வகுத்தளித்த அந்த அளவுகோல், ஒரு கூற்றைத் தந்து, 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதில் முடியும் ஐந்து நிலைகளுள் ஒன்றைக் குறிக்கச் சொல்லி, அக்குறிகளை எண்களாக்கிக் கூட்டிப் பார்ப்பது. கூற்றுகளை எழுதுவதற்குப் பலரும் நாடுவது 'தொழில்நுட்ப ஏற்பு மாதிரி' எனப்படும் கோட்பாடு. ஒருவர் ஒரு கருவியை ஏற்றுக்கொள்வது, அது தமக்குப் பயன்படும் என்ற எண்ணத்தையும், அதைக் கையாள்வது எளிது என்ற எண்ணத்தையும் பொறுத்தது என்று ஃபிரெட் டேவிஸ் 1989-இல் முன்வைத்த கருத்து அது.

இம்முறையில் நடத்தப்படும் ஆய்வுகளின் முடிவு பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது: மாணவர்கள் டிஜிட்டல் தொழில்நுட்பத்தை வரவேற்கிறார்கள். அம்முடிவு பொய்யன்று, எனினும் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ படிக்கும் ஒரு மாணவரைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. டேவிஸின் மாதிரி, மென்பொருளைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்புள்ள அலுவலகப் பணியாளர்களை முன்னிட்டு எழுந்தது. இங்குள்ள மாணவருக்கோ அத்தகைய தேர்வு பல இடங்களில் கிடையாது. கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பம் இணையத்தில், தேர்வுக் கட்டணம் இணையத்தில், நுழைவுச்சீட்டும் மதிப்பெண் விவரமும் இணையத்தில், வகுப்புச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் என்று ஆனபின், அதை அவர் ஏற்கிறாரா என்று கேட்பதைக் காட்டிலும், எந்தக் கருவியில், யாருடைய ரீசார்ஜில், எந்த மொழியில், எதற்காக அதைக் கையாள்கிறார் என்று கேட்பதே பொருளுடைய வினாவாகும். மாணவர் நோக்கு என்பதை விருப்பு வெறுப்பாக அளப்பதை விடுத்து, அவர்தம் வாழ்நிலையிலிருந்து எழும் மதிப்பீடாகப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நாட்டளவில் மாணவர் கருத்தை முறைப்படி கேட்கும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரமதிப்பு வழங்கும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு (நாக்), 2017-இல் திருத்திய தன் நடைமுறையில் மாணவர் மனநிறைவு அளவாய்வைச் சேர்த்தது. அதிலுள்ள வினாக்களுள் ஒன்று, ஆசிரியர்களில் எத்தனை விழுக்காட்டினர் எல்சிடி புரொஜெக்டர், பல்லூடகம் போன்ற கருவிகளைப் பாடம் நடத்தும்போது பயன்படுத்துகிறார்கள் என்பது. வெண்திரையில் விழுந்த பாடம் மாணவருக்கு விளங்கிற்றா என்பதை அவ்வினா கேட்பதில்லை. கருவி இருப்பதையே கற்பித்தலின் மேம்பாடாகக் கொள்ளும் இப்போக்கு, கல்லூரிகள் தாமே நடத்தும் கருத்துக் கணிப்புகளிலும் படிந்துவிட்டது.

களமும் மாணவரும்

1993-இல் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட விழுப்புரம் மாவட்டம், 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை, தமிழ்நாட்டின் பரந்த மாவட்டங்களுள் ஒன்றாக இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத மாவட்டத்தின் மக்கள் ஏறத்தாழ 34.6 லட்சம், எழுத்தறிவு 71.88 விழுக்காடு, அதாவது மாநிலச் சராசரியான 80 விழுக்காட்டைவிட எட்டுப் புள்ளி குறைவு. நெல், கரும்பு, மணிலா ஆகியவற்றை நம்பிய ஊர்களும் மரக்காணம் பக்கத்து உப்பளங்களும் நிறைந்த இப்பகுதியில் உயர்கல்வியின் பெருஞ்சுமையைத் தாங்கி நிற்பவை அரசுக் கல்லூரிகளே. 1960-களின் இறுதியில் தொடங்கப்பட்ட விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் இரண்டு தலைமுறைப் பட்டதாரிகளை இப்பகுதிக்குத் தந்தவை. இரு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. தனியார் கல்லூரிகளும் பெருகியுள்ளன. கலைக் கல்லூரிகள் வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்து, விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2021-இல் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் அதே ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டபோது, சிதம்பரத்தின் கீழ் வந்தன.

அகில இந்திய உயர்கல்வி அளவாய்வின்படி 2021-22-இல் இந்தியாவின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 ஆக இருக்க, தமிழ்நாட்டின் விகிதம் 47 ஆக இருந்தது. இந்த உயர்வின் பொருள், தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள் வகுப்பறைகளில் பெருகியிருக்கிறார்கள் என்பதே. அவர்களுள் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயின்றவர்கள். செஞ்சி, மேல்மலையனூர், கண்டாச்சிபுரம், வானூர், மரக்காணம் போன்ற பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து டவுன் பஸ்ஸிலும் பாசஞ்சர் ரயிலிலும் நாள்தோறும் வந்து போகிறவர்கள். அரசு கலைக் கல்லூரிகளில் நடைமுறையிலுள்ள இரு சுழற்சி வகுப்புமுறை, ஒரு பாதி நாளைக் கல்லூரிக்கும் மறுபாதியை வேலைக்கும் தர இடமளிப்பதால், படிப்போடு கடை வேலையோ வயல் வேலையோ பார்ப்பவர்களும் உண்டு. பேருந்து தவறினாலோ, அறுவடை நாளில் வயலுக்குப் போக நேர்ந்தாலோ முதல் மணிப் பாடம் கைநழுவிப் போகும். தொழில்நுட்பம் இவர்கள் பார்வையில் எங்கே பொருள்பெறுகிறது என்பதற்கான விளக்கத்தின் பெரும்பகுதி இதில் அடங்கியிருக்கிறது.

வகுப்பறைக்குள் கருவிகள்

கருவிகளின் வருகை புதிதன்று. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷன் வழியே 'நாடு தழுவிய வகுப்பறை' நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் 2004-இல் ஏவப்பட்டது. இரண்டிலும் பெரும்பாலும் ஒருவர் பேச மற்றவர்கள் பார்த்திருந்தார்கள். பார்த்தவர்களின் கருத்தைக் கேட்கும் வழக்கம் அன்று வேரூன்றவில்லை.

மாணவர் கையிலேயே கருவி வந்து சேர்ந்தது 2011-இல். அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்ற பல லட்சம் மாணவர்களுக்கு, அவர்கள் குடும்பம் அதுவரை வாங்கியிராத ஒரு பொருளைத் தந்தது. அத்திட்டத்தின் மதிப்பை உணர ஒரு புள்ளிவிவரம் போதும்: தேசிய மாதிரி அளவாய்வின் 75-ஆம் சுற்று (2017-18) காட்டியபடி, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடே, நகர்ப்புறத்தில் 23.4. இணைய வசதி கிராமத்தில் 14.9 விழுக்காட்டுக்கும் நகரத்தில் 42 விழுக்காட்டுக்கும் இருந்தது. இருந்தும் அம்மடிக்கணினி கல்லூரிப் பாடத்தோடு இணைக்கப்படவில்லை. பாடத்திட்டம் அதைக் கேட்கவில்லை, தேர்வும் கேட்கவில்லை. பின்னர் வழங்கல் தடைபட்டு நின்ற ஆண்டுகளில் மலிவுவிலைத் திறன்பேசியும் 2016-க்குப் பின் சரிந்த டேட்டா விலையும் மடிக்கணினியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆகவே இன்று இப்பகுதி மாணவர்களின் 'டிஜிட்டல் கற்றல்' என்று பேசுவது ஏறக்குறைய முழுவதும் கைப்பேசிவழிக் கற்றலைப் பற்றிய பேச்சே. கணினியை மனத்தில் வைத்து மேலைநாடுகளில் எழுதப்பட்ட வினாநிரல்களை அப்படியே எடுத்து ஆளும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பெருந்தொற்றுக் காலத்தின் சான்று

2020 மார்ச்சில் மூடப்பட்ட கல்லூரிகள், இடையில் சில மாதங்கள் திறந்து மூடியது போக, 2021 செப்டம்பரில்தான் சீராக இயங்கத் தொடங்கின. அக்காலத்தில் நடந்ததை 'இணையவழிக் கல்வி' என்று அழைப்பது பொருந்தாது என்றும், திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட இணையக் கல்வியிலிருந்து வேறுபடுத்தி அதனை 'நெருக்கடிகாலத் தொலைக் கற்பித்தல்' என்று அழைக்க வேண்டும் என்றும் சார்லஸ் ஹாட்ஜஸும் உடனாசிரியர்களும் 2020 மார்ச்சிலேயே எழுதினார்கள். இப்பாகுபாடு இன்றியமையாதது; ஏனெனில் அவ்விரு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளை வைத்துத் தொழில்நுட்பவழிக் கற்றல் முழுவதையும் எடைபோடும் போக்கு இன்னும் மறையவில்லை.

அக்காலக் கணிப்புகளில் இன்னொரு குறை அடிப்படையானது. பெரும்பாலானவை கூகுள் படிவம் வழியே நடத்தப்பட்டன. இணையம் எட்டாத மாணவருக்கு, இணையம் எட்டவில்லை என்று சொல்வதற்கே இணையம் தேவைப்பட்டது. மைய அரசின் பல்கலைக்கழகமான ஹைதராபாத் பல்கலைக்கழகம் 2020-இல் தன் மாணவர்களில் சுமார் 2,500 பேரிடம் கேட்டறிந்தபோது, இணையவழி வகுப்பில் சேர இயலும் என்றவர்கள் 37 விழுக்காட்டினரே. நுழைவுத்தேர்வு எழுதி நாடெங்குமிருந்து வந்து சேர்ந்தவர்கள் படிக்கும் இடத்தில் இந்நிலை என்றால், செஞ்சி மலையடிவாரத்து ஊர்களிலிருந்து அரசு கலைக் கல்லூரிக்கு வருவோரின் நிலையை ஊகிக்கக் கடினமில்லை. அவர்கள் அக்காலக் கணிப்புகளின் விழுக்காடுகளுக்குள் வராதவர்கள்.

தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா வழங்க 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அட்டைகள் அளிக்க முன்வந்தது. தேவையை அரசு உணர்ந்திருந்ததற்கு இது சான்று. ஆனால் முதல் இணையவழிப் பருவம் முடிந்த பிறகே அந்த உதவி வந்தது. டேட்டா இருந்தும் 'டவர் கிடைக்கவில்லை' என்பதே ஊர்ப்புறத்து மாணவர்கள் மீண்டும் மீண்டும் சொன்ன குறை. ஒளி, ஒலி, உரையாடல் மூன்றையும் ஒருங்கே தாங்கும் நேரலை வகுப்பைவிட, வாட்ஸ்அப் குழுவில் வந்து சேரும் ஒலிப்பதிவும் பிடிஎஃப் குறிப்பும் அவர்களுக்கு உதவியதற்குக் காரணம் இதுதான். அவற்றை இரவில், இணைய நெரிசல் சற்றே தளரும் நேரத்தில் இறக்கிக்கொள்ளலாம். அண்ணனோ தங்கையோ அதே கைப்பேசியில் வகுப்பு கவனிக்க வேண்டிய நேரத்தை விட்டுக்கொடுக்கலாம். நேரலையே உயர்ந்தது, பதிவு தாழ்ந்தது என்று கருதிய கல்வி நிர்வாகங்கள், நேரலை வருகையைக் கணக்கெடுத்து வருகைப்பதிவு செய்ததன் மூலம், மாணவர்கள் தாமே கண்டறிந்த நல்வழியைத் தண்டித்தன.

தேர்வு நடந்த விதம் இன்னும் உன்னிப்பாக நோக்கத்தக்கது. 'ஆன்லைன் தேர்வு' என்று பெயர்பெற்ற அம்முறையில் தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் வினாத்தாளை மின்னஞ்சலிலோ இணையதளத்திலோ வெளியிட்டன. மாணவர் வீட்டில் அமர்ந்து ஏ4 தாளில் பேனாவால் விடை எழுதி, பக்கந்தோறும் பதிவெண் குறித்து, கைப்பேசியால் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து, வரிசை மாறாமல் அடுக்கி, பிடிஎஃப் ஆக்கி, குறித்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். பல இடங்களில் எழுதிய தாள்களையும் விரைவு அஞ்சலில் சேர்ப்பிக்க வேண்டும். தாளைப் படமெடுத்துச் செம்மைப்படுத்தும் செயலிகளுள் பலரும் பழகியிருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூன் இறுதியில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் ஒன்றாகிவிட, தேர்வுக்கு முன்பாக வேறு செயலிகளைத் தேடிப் பழகவேண்டியிருந்தது. வேகம் குறைந்த இணைப்பில் முப்பது பக்கக் கோப்பை ஏற்றுவது, விடை எழுதுவதற்கு நிகரான பதற்றத்தைத் தந்தது. பலர் ஊரைவிட்டுச் சாலையோரத்துக்கோ பிரவுசிங் சென்டருக்கோ வந்து அனுப்பினார்கள். கையெழுத்து, தாள், அஞ்சலகம், ஜெராக்ஸ் கடை ஆகிய பழைய ஏற்பாடுகள் அனைத்தையும் தன்மேல் சுமந்த இம்முறையில் டிஜிட்டல் என்பது விடைத்தாளைக் கொண்டுசெல்லும் வண்டியாக மட்டுமே இருந்தது.

2021 நவம்பரில் கல்லூரிகள் நேரடித் தேர்வை அறிவித்தபோது தமிழகத்தின் பல நகரங்களில் மாணவர்கள் திரண்டு, இணையவழித் தேர்வே வேண்டும் என்று போராடினார்கள். ஒமைக்ரான் அலை எழுந்த 2022 ஜனவரியில் அப்போதைய உயர்கல்வித் துறை அமைச்சர் க. பொன்முடி அப்பருவத் தேர்வுகள் இணையவழியில் நடைபெறும் என்று அறிவித்தார். அக்கோரிக்கையை எளிதாகத் தேர்ச்சிபெறும் ஆசை என்று பலர் தள்ளிவிட்டனர். தொழில்நுட்பத்தின்மீது மாணவர் கொண்ட பற்று என்று வேறு சிலர் பொருள்கண்டனர். முதல் விளக்கத்தில் ஓரளவு உண்மை இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் கோரிக்கையின் உட்பொருள், பாடம் நடத்தப்பட்ட முறையிலேயே தேர்வையும் வைக்க வேண்டும் என்பது. பாடம் விட்டுவிட்டுக் கேட்டது; நூலகம் மூடிக் கிடந்தது; அப்படிப் படித்ததைப் பழைய முறையில் சோதிப்பது முறையன்று என்ற நியாயம் அதில் இருந்தது. இணையவழித் தேர்வை விரும்புகிறீர்களா என்று ஐந்து நிலை அளவுகோலில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பெரிய எண்ணிக்கை இந்த நியாயத்தைக் காட்டியிருக்காது.

மீண்டும் கேட்கும் வாய்ப்பு

கல்லூரிகள் திறந்த பின்னும் மாணவர்கள் கைவிடாமல் வைத்துக்கொண்ட பழக்கங்களே அவர்களது உண்மையான மதிப்பீட்டைக் காட்டுகின்றன. கரும்பலகையில் எழுதியதை மணி அடித்ததும் படமெடுத்துக்கொள்வது, வராத நாளின் குறிப்பைத் தோழமையிடமிருந்து வாட்ஸ்அப்பில் பெறுவது, வகுப்பில் பிடிபடாத கணக்கையோ கணக்குப்பதிவியல் பயிற்சியையோ யூடியூபில் தமிழில் விளக்குபவரிடம் தேடிப்போய், புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி கேட்பது ஆகிய மூன்றுக்கும் பொதுவானது மீட்டெடுக்கும் ஆற்றல். அறுபது பேர் அமர்ந்த வகுப்பில், தன் வீட்டில் யாரும் கல்லூரி கண்டிராத மாணவி 'புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று எழுந்து கேட்பது எளிதன்று. காணொளியிடம் எத்தனை முறை கேட்டாலும் கூச்சமில்லை.

கல்வி ஆராய்ச்சியின் பொது முடிவுகளும் இதற்கு இசைவாகவே உள்ளன. ஊடகம் என்பது பாடத்தைக் கொண்டுசேர்க்கும் கருவியே. கற்றலில் விளையும் வேறுபாடு கற்பிக்கும் முறையிலிருந்து வருகிறது என்று ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் எழுப்பிய வாதம் இன்றும் முறியடிக்கப்படவில்லை. அமெரிக்கக் கல்வித்துறைக்காக பார்பரா மீன்ஸ் குழுவினர் 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நேரடி வகுப்பையும் இணையத்தையும் இணைக்கும் கலப்புமுறைக் கற்றல் தனித்த நேரடி வகுப்பைவிடச் சற்று மேலான பயன் தந்ததாகக் கண்டது. அதே மூச்சில், அம்முறையில் மாணவருக்குக் கிடைத்த கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளுமே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எச்சரித்தது.

மாறாக, வகுப்பறையில் பி.பி.டி. எனப்படும் காட்சித் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, அதிலுள்ள ஆங்கில வரிகளை அப்படியே வாசித்துச் செல்லும் முறை மாணவர்களுக்கு ஏற்றதாக இருப்பதில்லை. கரும்பலகையில் ஆசிரியர் எழுதும் வேகமும் மாணவர் எழுதும் வேகமும் ஒத்துப்போகின்றன. தேற்றம் ஒன்று அடிஅடியாக உருவாவதைக் கண்ணால் காண முடிகிறது. முடிந்த வடிவில் திரையில் வந்து விழும் தேற்றத்துக்கு அந்த வளர்ச்சி கிடையாது. நாக் குழுவின் வினாவுக்குத் திரைவழி வகுப்பே கூடுதல் மதிப்பெண் பெற்றுத் தரும் என்பது கல்லூரிகள் தனித்துச் சிந்திக்க வேண்டிய முரண்பாடு.

வாசிப்பிலும் மாணவர் நடைமுறை ஆராய்ச்சியோடு ஒத்துச் செல்கிறது. 2000 முதல் 2017 வரையிலான 54 ஆய்வுகளைத் தொகுத்து டெல்காடோவும் குழுவினரும் 2018-இல் வெளியிட்ட முடிவு, தகவல் உரைகளை நேர நெருக்கடியில் படிக்கும்போது திரையைவிடத் தாளில் படிப்போருக்கே பொருள் நன்கு விளங்குகிறது என்பது. கல்லூரி வாயிலருகே உள்ள ஜெராக்ஸ் கடைகளில் தேர்வுக்கு முந்தைய வாரம் கூடும் கூட்டம் இதை வேறுவிதமாகச் சொல்கிறது. ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'மெட்டீரியல்' கடைக்காரரின் எண்ணுக்கு அனுப்பப்பட்டு, இரண்டு பக்கமும் அச்சாகி, ஸ்பைரல் போடப்பட்டு மாணவர் கைக்கு வருகிறது. ஆறு அங்குலத் திரையில் எண்பது பக்கம் படிப்பதன் துன்பத்தை அவர்கள் பக்கத்துக்குக் காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். அச்சுச் செலவைக் கல்லூரியிடமிருந்து மாணவருக்கு மாற்றியதும் டிஜிட்டல்மயமாக்கத்தின் விளைவுகளுள் ஒன்று. அதை எந்த வினாநிரலும் கேட்பதில்லை.

மொழி என்னும் தடை

இப்பகுதி மாணவர் நோக்கில் மிகக் கனமானதும் ஆய்வுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மொழிச் சிக்கலே. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்பிடெல் காணொளிப் பாடங்களும், மைய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் தளமும் தரத்தில் குறைந்தவை அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு ஒரு படிப்பின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படித்து மதிப்பளவு பெற 2021-இல் வழிசெய்தது. இவற்றின் உரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. மொழிபெயர்ப்பும் துணையுரையும் சில பாடங்களுக்குச் சேர்க்கப்பட்டாலும், தமிழ்வழியில் வரலாறோ பொருளியலோ படிக்கும் இளங்கலை மாணவருக்கு அங்கே இன்னும் போதிய இடமில்லை. தமிழில் பொறியியல் என்ற நோக்கில் அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அவ்வகுப்பு மாணவர்கள் இணையத்தில் தேடும்போது கிடைப்பதும் ஆங்கில விளக்கமே. தேடும் சொல் தெரியாமல் எதையும் தேட முடியாது என்பதால், பாடநூலின் தமிழ்க் கலைச்சொல்லைப் படித்தவர் முதலில் அதற்குரிய ஆங்கிலச் சொல்லை யாரிடமாவது கேட்டறிய வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு இத்துறையில் முன்னோடி என்பதை நினைவுகூரும்போது இந்நிலை வருத்தம் தருகிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை தரமாக்கப்பட்டது; இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர்பெற்றுள்ள தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001-இல் தொடங்கப்பட்டு, அரிய நூல்களை மின்வடிவில் யாவர்க்கும் வழங்கி வருகிறது. எனினும் கல்லூரி வகுப்பறையில் தமிழ்99-ஐப் பழக்குவோர் அரிது. தட்டச்சு செய்ய வேண்டிய மாணவர்கள், ஆங்கில எழுத்தில் ஒலிப்புமுறையாக அடித்துத் தமிழ் வரவைப்பதையும், குரலால் சொல்லி எழுத்தாக்குவதையும் தாமே கற்றுக்கொண்டார்கள்.

சிறியதாகத் தோன்றினும் நாள்தோறும் இடறும் ஒரு தடையை இங்கே குறிப்பிட வேண்டும். யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தந்து, எந்தக் கருவியிலும் அவை அவ்வாறே தோன்றச் செய்யும் பொதுக் குறியேற்றம். அதற்கு முந்தைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட பாடக்குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் இன்றும் கைமாறுகின்றன. அத்தகைய கோப்பைக் கைப்பேசியில் திறக்கும்போது, எழுத்துரு உள்ளே பதிக்கப்படாமலிருந்தால், 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் தொடர்பற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தெரியும். பதிக்கப்பட்டிருந்தாலும் அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது, வெட்டி ஒட்ட முடியாது, பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக்காட்டாது. ஒரு துறையின் ஆசிரியர்கள் தம் குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஒரு கோடை விடுமுறை போதும். ஸ்மார்ட் போர்டு வாங்குவதைவிட மாணவருக்கு அது பயன்படும்.

மாநில அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், திறன் படிப்புகளைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்ததால், கலைக் கல்லூரி மாணவர்களும் அலுவலக மென்பொருள், ஆங்கிலப் பேச்சு போன்றவற்றை இணையத்தளங்கள் வழியே பயில நேர்ந்தது. வேலைவாய்ப்போடு நேரடியாக இணைந்ததால் அதன் பயனை மாணவர் எளிதில் உணர்கிறார்கள். கணினி ஆய்வகத்தில் இயங்கும் பொறிகளின் எண்ணிக்கையும் ஒவ்வொரு வகுப்புக்கும் கிடைக்கும் நேரமுமே அங்கே எல்லை வகுக்கின்றன.

மாணவியரின் நிலை

தேசியக் குடும்பநல அளவாய்வின் ஐந்தாம் சுற்று (2019-21), 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 33.3 விழுக்காட்டினரும் ஆண்களில் 57.1 விழுக்காட்டினரும் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் என்று கண்டது. கல்லூரி மாணவியரிடம் இவ்விடைவெளி குறுகியிருக்கும் என்பது உண்மையே; ஆயினும் கைப்பேசி இருந்தாலும் அதைக் கையாளும் நேரமும் தனிமையும் இருபாலர்க்கும் ஒன்றாக இருப்பதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் மகள் திரை பார்ப்பதைப் பாடமாக ஏற்காத வீடுகள் உண்டு. மகனிடம் அக்கேள்வி எழுவதில்லை. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு 2022 செப்டம்பர் முதல் 'புதுமைப் பெண்' திட்டத்தின்கீழ் மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வருகிறது; 2024 ஆகஸ்ட் முதல் 'தமிழ்ப் புதல்வன்' வழியே மாணவர்க்கும் வருகிறது. கல்விக் கருவி பற்றிய கொள்கைப் பேச்சில் இத்தொகை சேர்க்கப்படுவதில்லை. ஆனால் பெற்றோரிடம் கேட்காமல் தானே ரீசார்ஜ் செய்துகொள்ள ஒரு மாணவிக்கு முடிவது, அவள் எதைப் படிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதில் சிறிய செய்தியன்று.

கற்றலை நிறுத்திவைக்கும் இயற்கையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது, விழுப்புரம் மாவட்டத்தின் பல ஊர்கள் வெள்ளத்திலும் இருளிலும் கிடந்தன. இத்தகைய நாள்களில் மின்னேற்றம் இல்லாத கைப்பேசியில் இருக்கும் குறிப்பு பயன்படாது.

தேர்வு முறையும் ஆய்வு முறையும்

2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து மாணவர் தொழில்நுட்பப் பயன்பாட்டில் புதிய அடுக்கு ஒன்று சேர்ந்துள்ளது. ஒப்படைப்புக் கட்டுரையை அதனிடம் எழுதி வாங்குவது குறித்த கவலையே ஆசிரியர் தரப்பில் மேலோங்கி நிற்கிறது. மாணவர் பக்கமிருந்து பார்த்தால், ஆங்கிலப் பத்தியை எளிய தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கும் வசதி, மேலே கூறிய மொழித் தடையின் ஒரு பகுதியை முதன்முறையாகத் தளர்த்துகிறது. அதன் தமிழில் பிழைகள் உண்டு. கலைச்சொல்லைத் தானே படைத்துக்கொள்வதும் உண்டு. அப்பிழையைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தர வேண்டியவர் ஆசிரியர் என்பதால், அவருடைய தேவை இங்கே கூடுகிறது.

இவை அனைத்துக்கும் மேலாக மாணவர் நோக்கை வடிவமைப்பது தேர்வே. பருவத்தின் முடிவில் மூன்று மணி நேரம் கையால் எழுதும் தேர்வுதான் பட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு கருவி அத்தேர்வுக்கு உதவினால் மாணவர் அதை வைத்துக்கொள்கிறார், உதவாவிட்டால் விட்டுவிடுகிறார். ஆகவே முக்கிய வினாக்களின் பிடிஎஃப் தொகுப்பு மதிப்புடையதாகவும், கூட்டாக ஒரு தளத்தில் எழுதிக் கற்கும் பயிற்சி சுமையாகவும் தோன்றுவதில் வியப்பில்லை. அதை மாணவரின் குறுகிய பார்வை என்று பழிப்பது நேர்மையாகாது. அரியர் விழுந்தால் தேர்வுக் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டியவர் அவரே.

2025-26 மாநில வரவுசெலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்ற அறிவிப்பு வெளியானது. 2011-இல் தவறவிட்ட வாய்ப்பு மீண்டும் வருகிறது. அக்கருவி கைக்கு வந்த மாணவர்களிடம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடத்தப்படும் ஆய்வு, முதலில் தாளில் அச்சிட்ட தமிழ் வினாநிரலாக இருக்க வேண்டும். மதிப்பெண் இடும் ஆசிரியர் அல்லாத ஒருவரால், பெயர் கேட்காமல் நடத்தப்பட வேண்டும். கடந்த வாரம் எந்தப் பாடத்தை, எங்கே அமர்ந்து, எந்தத் திரையில், எத்தனை முறை, யாருடைய விளக்கத்தில் படித்தீர்கள் என்று நடந்ததைக் கேட்க வேண்டும். கருவி வழங்கிய அதே மாதத்தில் கேட்டால் நன்றியுணர்வே விடையாக வரும். முதல் பருவத் தேர்வு முடிவு வெளியான பிறகு ஒரு முறையும், மூன்றாம் ஆண்டின் இறுதியில், மின்கலம் தேய்ந்து பழுதுபார்க்கும் செலவு தலைகாட்டும் காலத்தில் இன்னொரு முறையும் கேட்பதே பொருத்தமாகும்.